மூணா, எட்டா?

எங்கள் வீட்டு ரிவால்வர் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சுட்டதில்லை. சுடவேண்டிய தேவை வரவில்லை. தேவை வந்திருந்தாலும் சுட்டிருக்காது என்பது இப்போதுதான் தெரிந்தது.

முதலில் இது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். தாத்தா பஞ்சு வியாபாரி. சாத்தூர், விருதுநகர்ப் பக்கக் கரிசல் காட்டில் பருத்தி வாங்கி அரவைக்கு அனுப்புவார். எல்லாம் ரொக்கம். மதுரையிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸில் மடியில் பணமும் பையில் பயமுமாகப் போய்வந்தவர், 1968ல் லைசென்ஸ் எழுதிப் போட்டு வாங்கினார். மேகமலைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் பழையதாக வாங்கியது. .32 வெப்லி அண்ட் ஸ்காட், பர்மிங்காம் சரக்கு. கட்டைவிரலால் பக்கத்துக் கொண்டியைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடங்கித் திறக்கும். உள்ளே இருக்கிற ஆறு தோட்டாவையும் ஒரு நட்சத்திரத் தகடு ஒரே தள்ளாக வெளியே தள்ளும். சின்ன வயதில் தாத்தா காலியாக வைத்து அதைத் திறந்து காட்டும்போது எங்களுக்கு அது துப்பாக்கியாகவே தெரியாது, வெற்றிலைச் செல்லம் மாதிரி இருக்கும்.

பளபளவென்று இருக்கும் என்பது இன்னொன்று. ஜொலிக்கிற நிக்கல் முலாம், வெள்ளைக் கைப்பிடி. "யானைத் தந்தம்டா" என்பார் தாத்தா. எஸ்டேட்காரர் ஆசையாகச் செய்துவைத்த வேலை அது. ஹேமருக்குப் பின்னால் விரல் வைத்து இழுக்கிற வால் ஒன்று இருக்குமே, அதையும் வெட்டி வழவழப்பாக்கி வைத்திருந்தார், பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டக் கூடாது என்று. டிரிகரும் லேசாக இருக்கும். எங்கள் தெருவில் அதைப் பார்த்த நாலைந்து பேரும் சொன்னது ஒன்றுதான்: கம்பெனிக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

கம்பெனிக்காரன் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

தாத்தா 1993ல் போனார். வாரிசு என்ற முறையில் அப்பா பெயருக்கு லைசென்ஸ் மாறியது. அப்பா ரயில்வேயில் இருந்தவர், அதைக் கையால் தொட்டது வருஷத்துக்கு ஒருதரம்தான், ஆயுத பூஜைக்கு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார். முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கிவருவார். எங்கள் வீட்டில் தேர்தல் தேதி அறிவித்ததை டிவிக்கு முன்னால் அப்பாவின் ரெக்சின் பை சொல்லிவிடும். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016ம் வருஷ ஆயுத விதிகளில் ஒரு வசதி உண்டு. எழுபது வயதானவரோ, இருபத்தைந்து வருஷம் லைசென்ஸ் வைத்திருந்தவரோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். "என் காலத்துக்குப் பிறகு நீ அலையவேண்டாம்ப்பா" என்று அப்பா சொல்ல, நான் மனு எழுதினேன்.

மதுரை மாநகருக்குள் இந்த லைசென்ஸ் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர், காபி குடித்தார், பீரோ பூட்டைப் பார்த்தார், தெருவில் விசாரித்தார். கடைசியில் லைசென்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், புக்குல எட்டுன்னு போட்டிருக்கு. இங்க மூணு மாதிரி தெரியுது."

கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். டார்ச் அடித்தார். நானும் பார்த்தேன். எண்ணின் கடைசி இலக்கம் வெளிச்சம் இந்தப் பக்கம் விழுந்தால் மூணு, அந்தப் பக்கம் விழுந்தால் எட்டு.

சின்ன விஷயம்தானே என்றுதான் நான் நினைத்தேன். அன்று ராத்திரி ஆயுதச் சட்டத்தை எடுத்துப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. 1959ம் வருஷச் சட்டம், எட்டாவது பிரிவு. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம், சரி. அதற்கு மேலும் ஒன்று சொல்கிறது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவர்தான் அழித்தார் என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று அவர் நிரூபிக்கிற வரை. எஸ்டேட்காரர் மெருகு போட்டார், தாத்தா காசு கொடுத்தார், அப்பா பூட்டிவைத்தார். பதில் சொல்லவேண்டியவன் இப்போது யார் என்று பாருங்கள்.

துப்பாக்கி ரிப்பேர் என்பது டூவீலர் ரிப்பேர் இல்லை. அதே சட்டத்தின் ஐந்தாவது பிரிவுப்படி பழுது பார்க்கவும், மாற்றியமைக்கவும், சோதித்துப் பார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். ஆறாவது பிரிவு குழலைக் குறைக்கக்கூட அனுமதி கேட்கிறது. எனக்கு நம்ம ஊர் லேத் பட்டறைகள் மேல் தனி மரியாதை உண்டு. டிராயிங்கே இல்லாமல் ஒரு பல்சக்கரத்தைக் கையில் கொடுத்தால் சாயந்திரத்துக்குள் ஜோடி போட்டுத் தருவார்கள். ஆனால் அந்த எஸ்டேட்காரர் போனது அப்படி ஒரு பட்டறைக்குத்தான் என்பது வேலையைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரைத் தேடிப் போனோம். அப்பா பெயரில்தான் லைசென்ஸ் என்பதால் அவர்தான் பையை மடியில் வைத்திருந்தார். நான் கூடப்போன ஆள், அவ்வளவுதான். ஆட்டோக்காரர் "ஆசுபத்திரிக்கு சாப்பாடாண்ணே?" என்றார்.

ரிப்பேர் பார்ப்பவர் எழுபதைத் தொடுகிற பெரியவர். வாங்கியதும் திறந்து, ஆறு அறையும் காலியா என்று பார்த்தார். அப்பா "காலிதான்" என்றதைக் காதில் வாங்கவே இல்லை. சுண்டுவிரலை விட்டு ஒவ்வொரு அறையாகத் தடவினார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார்.

"தேங்காண்ணெய் போட்டீகளா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் துப்பாக்கியைத் துடைத்து, துரு ஏறக்கூடாது என்று தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பது தாத்தா காலத்து வழக்கம். அதற்கு மேல் சந்தனம், குங்குமம்.

"தையல் மெஷினுக்குப் போடுவீகளா தேங்காண்ணெய்?"

"போடமாட்டோம்."

"அப்ப இதுக்கு ஏன் போட்டீக?"

பதில் இல்லை. தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் சிக்கிப்போகும் என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும். இதைவிட நுணுக்கமான ஒரு இயந்திரத்துக்கு மூன்று தலைமுறையாக அதையே விட்டிருக்கிறோம். உள்ளே அது தூசியோடு கலந்து பழுப்பு நிறக் கோந்தாகி உட்கார்ந்திருந்தது. கழற்றியதும் பழைய பலகாரச் சட்டி வாடை.

நான் அதுவரைக்கும் எல்லாப் பழியையும் எஸ்டேட்காரர் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் வரும்போதுகூட அப்பாவிடம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். பெரியவர் அரைமணி நேரத்தில் கணக்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டார், இது அவர் பண்ணது, இது நீங்க பண்ணது என்று.

அவர் பண்ணியதில் மோசமானது ஸ்பிரிங். இந்த வெப்லியில் வி வடிவத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஒரு கை ஹேமரை அடிக்கவைக்கும், இன்னொரு கை டிரிகரைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும். டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று அதை அரத்தால் ராவி மெலிதாக்கியிருக்கிறார்கள். ராவினால் இரண்டு வேலையும் கெடும். ஹேமர் அடிக்கும், ஆனால் தோட்டாவின் பின்பக்கக் கேப்பை வெடிக்கவைக்கிற அளவுக்கு அடிக்காது. டிரிகர் திரும்பும், ஆனால் சோம்பேறித்தனமாக. அதோடு எங்கள் தேங்காய் எண்ணெய்க் கோந்தும் சேர்ந்துகொண்டது. தாத்தா பஸ்ஸில் தைரியமாகப் போய்வந்ததெல்லாம் ஒரு பளபளப்பான இரும்புத்துண்டை நம்பித்தான்.

ஹேமர் வாலை வெட்டியது அப்படி ஒன்றும் அதிசயமில்லை, அந்தக் காலத்து மோஸ்தர். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியிலேயே வேலை பார்த்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் 1920களிலேயே இதைச் செய்துகொடுத்துப் பேர் வாங்கினார். ஹேமர் வாலை வெட்டி, குழலைக் குட்டையாக்கி, டிரிகரைச் சுற்றியிருக்கிற வளையத்தின் முன்பாதியையே அறுத்து எடுத்துவிடுவார். ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவமே தன் என்ஃபீல்டு ரிவால்வரில் 1938லிருந்து ஹேமர் வாலை எடுத்துவிட்டது, டாங்கிக்குள் ஏறி இறங்குகிற சிப்பாய்களுக்கு அது எதிலாவது மாட்டுகிறது என்று. ஆனால் அதெல்லாம் செய்யத் தெரிந்தவர்கள், ஹேமரின் எடை குறைந்தால் அடி என்னாகும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. நம்ம ஆள் பார்த்தது அழகு மட்டும்.

அழகுக்கு மட்டுமில்லை, வசதிக்காகச் செய்கிற மாற்றமும் சிலசமயம் ஆளையே காவு கேட்கும். பெரிய வெப்லி ஒன்று உண்டு, .455 மார்க் ஆறு, 1915ல் ராணுவத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவை அமெரிக்காவில் மலிவாக வந்து இறங்கின. அதற்கான தோட்டா அங்கே எளிதில் கிடைக்காது, .45 பிஸ்டல் தோட்டாவோ பெட்டிக்கடைச் சாமான். சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டால் அது பொருந்திவிடும். ஆயிரக்கணக்கில் சீவினார்கள். ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்தத்துக்குச் செய்யப்பட்ட துப்பாக்கி இல்லை அது. இன்றைக்கும் அங்கே பழைய வெப்லி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சிலிண்டர் சீவியதா, சீவாததா என்றுதான்.

பெரியவரிடம் இதையெல்லாம் நான் படித்த பவிசில் எடுத்துவிட்டேன். அவர் ஹேமரை விரலால் தட்டிக்கொண்டே, "அது கிடக்கட்டும் தம்பி. இது கீழ விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார். தெரியும், அதையும் படித்திருந்தேன். 1944 கடைசியில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் கப்பல் தளத்தில் விழுந்து, தானாக வெடித்து ஒரு மாலுமி செத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி உள்ளே ஹேமரைத் தடுக்கிற கட்டையை மாற்றி வடிவமைத்தது. "அம்புட்டுதான். பழசுல ஹேமருக்கு நேரா இருக்குற அறை எப்பவும் காலியா இருக்கணும். ஆறு போடுற துப்பாக்கின்னா அஞ்சுதான்" என்றார் பெரியவர். அப்பா தலையாட்டினார். எங்களிடம் தோட்டாவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்தது கைப்பிடி. இதில்தான் எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. தந்தம் என்று தாத்தா பெருமையடித்தது இருக்கிறதே, அது உண்மையானால் ஆயுதச் சட்டத்தோடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக்குள் வந்துவிடும். 1972ம் வருஷச் சட்டம், உரிமைச் சான்றிதழ் இல்லாமல் தந்தம் வைத்திருக்க முடியாது. எங்களிடம் இருப்பது தாத்தாவின் வாய்ச்சொல் ஒன்றுதான். பெரியவர் லென்ஸை எடுத்துக் கைப்பிடியின் ஓரத்தில் வைத்தார். தந்தத்தை வெட்டிய முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக, கோலத்தில் கம்பி இழுத்த மாதிரி, மெல்லிய கோடுகள் வெட்டிக்கொண்டு ஓடும். எலும்பென்றால் கோடு இருக்காது, ரத்தம் ஓடிய துளைகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். லென்ஸை என்னிடம் கொடுத்தார். எல்லாம் புள்ளி.

"மாட்டெலும்பு."

ஐம்பத்தைந்து வருஷப் பெருமை ஒரு வார்த்தையில் முடிந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அப்பாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. ஆட்டோவில் திரும்பி வரும்போது, "அப்பா ஏமாந்துட்டாரேடா" என்றார். எழுபது வயதிலும் அவருக்கு அவர் அப்பா ஏமாந்ததுதான் வருத்தம்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பைப் பட்டைபோட்டு மெருகேற்றவேண்டும். அப்போதே முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கிவிடும். அதன் மேல் நிக்கல் படியும்போது பள்ளம் இன்னும் தூர்ந்துபோகும். இது எஸ்டேட்காரர் பங்கு. மிச்சப் பள்ளத்தில் ஐம்பது ஆயுத பூஜைச் சந்தனம் கெட்டியாக அடைந்திருந்தது. இது எங்கள் பங்கு. கடைசி இலக்கம் எட்டு மாதிரித் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் சந்தனம்.

"நிக்கலை உருவிட்டா எண் தெளிவாத் தெரியுமில்ல?" என்றேன்.

"உருவுனா அதுவும் போயிரும்" என்றார். தேய்த்து எடுத்தாலும் மறுபடி இரும்பைத்தான் தேய்ப்போம், இருக்கிற கொஞ்சநஞ்சப் பள்ளமும் போய்விடும். பிறகு எண் இல்லாத துப்பாக்கிதான். எட்டாவது பிரிவு.

இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது பகத்சிங்கின் பிஸ்டல். ரிவால்வர் இல்லை அது, .32 கோல்ட் ஆட்டோமாட்டிக். 1928 டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொல்லப்பட்ட வழக்கில் சம்பந்தப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பஞ்சாபின் பில்லூர் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் இருந்து, 1969ல் வேறு சில ஆயுதங்களோடு இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. அங்கே துரு ஏறாமல் இருக்க எல்லாத் துப்பாக்கிக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். அந்தப் பெயின்டுக்குக் கீழே பகத்சிங் காணாமல் போய்விட்டார். 2016 கடைசியில் பத்திரிகையாளர் ஜுபிந்தர்ஜித் சிங் தேடிக்கொண்டு போனபிறகு பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். 168896 என்ற எண் வெளியே வந்தது, வழக்கு ஆவணத்தில் இருந்த அதே எண். இப்போது அது பஞ்சாபில், ஹுசைனிவாலாவில் இருக்கிறது. எத்தனை வருஷம் அது அலமாரியில் மற்றத் துப்பாக்கிகளோடு ஒன்றாகப் படுத்திருந்திருக்கும் பாருங்கள். பெயின்டு சுரண்டினால் வந்துவிடும். அரம் போட்டது வராது.

எங்களுக்கு வழி சிலிண்டரில் இருந்தது. பர்மிங்காமில் துப்பாக்கியைக் கோத்தபோது உடம்பில் அடித்த எண்ணையே சிலிண்டரிலும் சின்னதாக அடித்திருக்கிறார்கள், பாகம் மாறிவிடாமல் இருக்க. முலாம் போட்டவர் சிலிண்டரின் முன்முகத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. சோம்பேறி, வாழ்க. பெரியவர் மண்ணெண்ணெய் தோய்த்த பல்தேய்க்கிற பிரஷ்ஷால் அந்த இடத்தைக் கழுவினார், பஞ்சால் ஒற்றினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

மூணு.

வீட்டுக்கு வந்து தாத்தாவின் 1968 லைசென்ஸ் புத்தகத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தோம். நீலமசியில் அழகாக மூணு. தாத்தா போனபிறகு அப்பா பெயரில் புதுப் புத்தகம் எழுதியபோது யாரோ துப்பாக்கியைப் பார்த்து எட்டு என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சந்தனத்தோடு கொண்டுபோய்க் காட்டியது நாங்கள்தான். அந்த எட்டுதான் பிறகு ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கூடவே வந்து, கடைசியில் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்விட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றவேண்டியிருந்தது. பெரியவரிடம் கணக்கில் இருந்த பழைய உதிரியில் ஒன்று பொருந்தியது. வெப்லி பெயரில் இப்போது உத்தரப்பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் .32 ரிவால்வர் செய்கிறார்கள், ஆனால் பேரில் இருக்கிற உறவு பாகத்தில் இல்லை. எங்களுடையதற்கு அது மாட்டாது. கோந்து முழுக்கக் கழுவி, மெஷின் ஆயில் ஒரு சொட்டு. ஹேமருக்கு வால் ஒட்டவைக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். அப்படி ஒட்டினால் அடுத்தவன் வந்து என்னைத் திட்டுவான் என்றார். நிக்கலும் அப்படியே, மாட்டெலும்பும் அப்படியே. கடை விதிப்படி அவரே சோதித்துப் பார்த்தார். ஆறும் வெடித்தன. எனக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று எண்ணினேன்.

எஸ்டேட்காரரின் வேலையில் கெட்டதை மட்டும் எடுத்தோம், அசிங்கத்தை விட்டுவிட்டோம். அதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. பழசைப் புதுசாக்குகிறேன் என்று கிளம்புகிறவன்தான் அடுத்த எஸ்டேட்காரர்.

பழைய புத்தகத்தின் நகல், ரிப்பேர்காரர் எழுதிக்கொடுத்த கடிதம், சிலிண்டர் எண்ணின் போட்டோ எல்லாம் வைத்து மனு கொடுத்தோம். நாலு தடவை நடந்தேன். எட்டு மூணானது. லைசென்ஸ் இன்னும் என் பெயருக்கு வரவில்லை, கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். அப்பா துப்பாக்கியைப் பூட்டிவிட்டுக் காலித் தோல் உறையை எடுத்துக் கொடுத்தார். பொட்டு உறைக்கு வைத்தாயிற்று.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால், புதுப்பிக்கிற தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். காலியா என்று முதலில் பாருங்கள், பிறகு டார்ச் அடித்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள ஆளிடம் போங்கள். நீங்களே தேய்த்துப் பார்க்காதீர்கள், உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள்.